போகிற தண்ணீருக்கு ஒரு வழி

குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது மீரா உசேனிடம் இருந்தது ஒரு கைப்பையும், மீன் தொட்டிக்குக் குழாய் மாட்டத் தெரியும் என்ற நம்பிக்கையும்தான். ஒன்பது வருஷம் அங்கே ஒரு பெரிய ஓட்டலில் வேலை. உள்ளே நுழைந்ததுமே ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி நிற்கும். அதில் நீலமும் மஞ்சளுமாகக் கடல் மீன்கள். தண்ணீர் மேலே நிரம்பி, ஒரு மூலையில் வழிந்து, கீழே மறைவாக இருக்கும் இன்னொரு தொட்டிக்குப் போய், அழுக்கு நீங்கி, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே வரும். அதைக் கழுவிப் பார்த்துக்கொள்வதுதான் அவன் உத்தியோகம். சண்டை மூண்டு ஊரே காலியானபோது, அந்த மீன்களுக்கு இனி யார் தீனி போடுவார்கள் என்று அவன் புலம்பினான். ஜோர்டான் எல்லைக் கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருந்த மலையாளி அதைக் கேட்டுச் சிரித்தாராம். உயிர் ஊசலாடுகிறபோது மீனைப் பற்றி என்ன பேச்சு என்று அவருக்கு. கவலை என்ன, நாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டா வருகிறது.

கீழ்வேளூர் வீட்டில் வேறொரு கவலை காத்திருந்தது. அவனைப் பெற்ற அத்தா அப்துல் ஹமீது ராவுத்தருக்கு வாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் முப்பது வருஷம் மண்ணெண்ணெய் வியாபாரம் பார்த்தவர். கூப்பிட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். இப்போது கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வரும், கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். ஆனால் பேச மனமில்லை. மீரா உசேனின் மனைவி ஹமீதா பானு ரேடியோ வைத்துப் பார்த்தாள், பேப்பர் வாசித்துப் பார்த்தாள்.

"அந்தச் செவுத்துல என்ன மாமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல. அதான் பாக்குறேன்" என்றார்.

அந்தச் சுவரை மறைத்து ஒரு மீன் தொட்டி வைப்பது என்று மீரா உசேன் அன்றைக்கே முடிவு செய்தான். நாகப்பட்டினத்தில் கண்ணாடி அறுத்து வாங்கி, சிலிகான் வைத்து ஒட்டி, ஐந்தடி நீளத்துக்குத் தொட்டியைக் கட்டிவிட்டான். அத்தாவின் பழைய கடை மேசை அதைத் தாங்கியது. மேசைக்கு அடியில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம். அதற்குள் கூழாங்கல்லும் கரியும் தேங்காய் நாரும். தண்ணீரை மேலே ஏற்ற ஏர்கூலர் மோட்டார் ஒன்று. குவைத்தில் கண்டதையெல்லாம் கீழ்வேளூர்ச் சாமான்களில் கண்டுபிடித்துக்கொண்டே வந்தவனுக்குக் கடைசியில் குழாய் மட்டும்தான் பாக்கி. ஊரில் குழாய்க்கடை ஒன்றுதான் இருந்தது. அது அமிர்தலிங்கத்தின் கடை.

இரண்டு நாள் தள்ளிப்போட்டான். மூன்றாம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு போனான். பழைய பெயர்ப்பலகையும் புது பிவிசி குழாய்க் கட்டுகளுமாக இருந்தது கடை. அமிர்தலிங்கம் தலை நிமிர்ந்து பார்த்தான். அரைக்கால் சட்டையோடு பார்த்த ஆள் மீசையும் தொப்பையுமாக உட்கார்ந்திருந்தான். நடுவில் எத்தனையோ முறை தெருவில் எதிர்ப்பட்டு ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். நேருக்கு நேர் இதுதான் முதல் தடவை.

"என்ன வேணும்?" என்றான், யாரிடமோ கேட்கிற மாதிரி.

"ஒரு இஞ்சு பைப்பு பத்தடி. எல்போ நாலு."

"மாடித் தொட்டிக்கா?"

"மீன் தொட்டிக்கு."

எல்போ டப்பாவுக்குள் போன கை அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் நாலு எல்போவை எடுத்து வைத்தான், குழாயை அறுத்துக் கொடுத்தான். மீரா உசேன் வாங்கிக்கொண்டு படி இறங்கினான். 

அந்தக் கை ஏன் நின்றது என்று ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அமிர்தலிங்கம், இன்னொருவன் இவன். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஆவணி அது. அப்போது இரண்டு பேருக்கும் பதினோரு வயசு. வாய்க்காலை ஒட்டி ராவுத்தருக்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். அதைக் குத்தகைக்கு உழுதவர் அமிர்தலிங்கத்தின் அப்பா பஞ்சநதம். ராவுத்தர் தினம் சாயங்காலம் சைக்கிளில் வயலுக்குப் போவார். பின்னால் கேரியரில் மீரா உசேன். பெரியவர்கள் இருவரும் வரப்பில் நின்று பயிரைப் பற்றிப் பேசுவார்கள், பையன்கள் இருவரும் வாய்க்காலில் துண்டு போட்டு மீன் அரிப்பார்கள். புதுத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் பளபளவென்று வரும். கைக்குள் அது துள்ளுகிற குறுகுறுப்பு, சேற்று வாசனை, அமிர்தலிங்கம் மடியில் கொண்டுவரும் கொடுக்காப்புளி. எண்ணெய்க் கிணறுகளின் நாட்டில் ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு ஊர் என்று நினைத்தால் ஊர் வரவில்லை. அந்த ஒருவன்தான் வந்தான்.

அந்த வருஷம் பேச்சு மாறியிருந்தது. குத்தகைக்காரர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிவு செய்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்தது. பதிந்துவிட்டால் நில உரிமையாளர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. பஞ்சநதம் மனுக் கொடுத்தார். "வாய்ப்பேச்சு பத்தாதா பஞ்சநதம், நான் என்ன உன்னை இறங்குன்னா சொல்லப் போறேன்?" என்று ராவுத்தருக்கு வருத்தம். "நீங்க சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு அப்புறம்?" என்று பஞ்சநதம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து சைக்கிள் வயலுக்குப் போவது நின்றது. பையன்கள் மட்டும் போனார்கள்.

அவர்கள் வரப்பின் காலடியில் ஒரு குழி தோண்டி மீன் வளர்த்தார்கள். இருபது கெண்டையும் ஒரு விரால் குஞ்சும். வெயிலில் குழித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. தகர டப்பாவில் மொண்டு ஊற்றி ஓய்ந்துபோனார்கள். அப்போதுதான் மீரா உசேனுக்கு அந்த யோசனை வந்தது. அத்தா கடையில் பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் இறக்க ஒரு ரப்பர் குழாய் உண்டு. மூன்று ஆள் நீளம். ஒரு முனையைப் பீப்பாயில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, டின்னில் போட்டால் தானாகவே கொட்டும். அதைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். வாய்க்காலில் ஒரு முனை, வரப்பைத் தாண்டிக் குழிக்குள் ஒரு முனை. உறிஞ்சினான். வாயெல்லாம் மண்ணெண்ணெய். அவன் துப்பத் துப்ப இருவரும் சிரித்தார்கள், ஏனென்றால் தண்ணீர் வரப்பில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது.

அப்புறம் அமிர்தலிங்கத்தை அம்மா கூப்பிட்டார். மீரா உசேனுக்கு குர்ஆன் ஓதுகிற பள்ளிக்கு நேரமாகிவிட்டது. குழாயை அவன் எடுப்பான் என்று இவனும், இவன் எடுப்பான் என்று அவனும் ஓடிப்போனார்கள்.

குழிக்குப் பக்கத்தில்தான் நாற்றங்கால். அன்று காலையில்தான் பஞ்சநதம் இரண்டு கலம் விதையை முளைகட்டித் தெளித்திருந்தார். விடிந்து பையன்கள் ஓடிவந்து பார்த்தபோது குழியும் நாற்றங்காலும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. விதையெல்லாம் மிதந்துபோய் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. குழாயைக் காணோம். அவன் எடுத்து ஒளித்துவிட்டான் என்று இவன் நினைத்தான். இவன் எடுத்துக் கடையில் வைத்துவிட்டான் என்று அவன் நினைத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயமாக இருந்தது. கேட்டுக்கொள்ளவில்லை.

பஞ்சாயத்து கூடியது. செங்கொடிக்காரர்கள் ஒரு பக்கம், கருப்புசிவப்புக் கரைவேட்டிகள் ஒரு பக்கம், இரண்டு தரப்பும் அன்றைக்குப் பஞ்சநதத்தின் பக்கம். ராவுத்தர் ஆள் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு விதையை அழித்துவிட்டார் என்று பேச்சு. பஞ்சநதம் எழுந்து சொன்னது மீரா உசேனுக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"விவசாயம் தெரிஞ்சவன் எவனும் வடிய வழி வைக்காமத் தண்ணி விடமாட்டான். வர்ற தண்ணிக்கு வழி பண்ணிட்டு, போற தண்ணிக்கு வழி வைக்காம விட்டிருக்கு. இது வேணும்னே செஞ்ச காரியங்க."

ராவுத்தர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். "நான் செய்யல. நாகூர் தர்காவுக்கு வா. எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்றேன்."

பஞ்சநதம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சத்தியமெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மீரா உசேன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எதிரே அமிர்தலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மாதமே பஞ்சநதத்தின் பெயர் பதிவேட்டில் ஏறியது. ராவுத்தர் அதன் பிறகு அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை. பெயர் ஏறியதைக்கூட அவர் மறந்தார். தன் சத்தியத்தை வேண்டாம் என்று தள்ளியதைத்தான் மறக்கவில்லை. "என் சத்தியத்துக்குக்கூட மதிப்பில்லன்னுட்டான்" என்று சாப்பிடும்போது திடீரென்று சொல்வார். ஒவ்வொரு தடவையும் மீரா உசேனுக்குச் சோறு இறங்காது. குவைத்துக்கு அவன் போனதில் பாதி பிழைப்புக்கு, பாதி அந்த வாக்கியத்துக்குத் தப்பித்து.

சரி, தொட்டிக்கு வருவோம். ஓட்டல் தொட்டியில் கண்ணாடியிலேயே ஓட்டை போட்டு வடிகுழாய் மாட்டியிருப்பார்கள். கீழ்வேளூரில் கண்ணாடியில் ஓட்டை போடப் பயந்துகொண்டு, மீரா உசேன் தனக்குத் தெரிந்த பழைய வேலையையே செய்தான். நாலு எல்போவை வைத்துக் குழாயை வளைத்து, தொட்டி விளிம்பில் மாட்டினான். உள்முனை தண்ணீருக்குள் இரண்டு விரல் ஆழம், வெளிமுனை கீழே டிரம்முக்கு. வாயை வைத்து உறிஞ்சினான். மண்ணெண்ணெய் ருசி இல்லை, ஆனால் அடிநாக்கு அதை எதிர்பார்த்தது. தண்ணீர் விளிம்பில் ஏறி இறங்கியது. மோட்டாரைப் போட்டான். மேலே வருகிற அளவும் கீழே போகிற அளவும் ஒத்துப்போயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து வாங்கிவந்த பன்னிரண்டு தங்கமீன்களை விட்டான்.

அத்தா சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மீனைப் பார்த்தார். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "அந்த வால் கிழிஞ்சது திங்கவே மாட்டேங்குது" என்றார். மூன்றாம் நாள் ஹமீதா பானுவைக் கூப்பிட்டு, தீனி போடுகிற நேரத்தைத் தானே சொல்ல ஆரம்பித்தார். சமையலறையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மீரா உசேன் பார்த்தான். ஒன்பது வருஷம் அனுப்பிய எதுவும் செய்யாததை ஒரு மோட்டாரும் நாலு எல்போவும் செய்துவிட்டன.

நாலாம் நாள் மத்தியானம் கரண்டு போனது.

குவைத்தில் அவன் இருந்த ஒன்பது வருஷத்தில் ஓட்டலில் கரண்டு போனதே கிடையாது. அதனால் கரண்டு போனால் தொட்டி என்ன செய்யும் என்று அவன் யோசித்ததே இல்லை. கீழ்வேளூரில் பிறந்தவன் மறக்கக்கூடாத விஷயம்தான். மோட்டார் நின்றதும் குழாய் தன்பாட்டுக்கு இரண்டு விரல் ஆழத் தண்ணீரை இறக்கியது. முனை வெளியே தெரிந்ததும் காற்றை இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது, தொட்டி நிரம்பியது. ஆனால் காற்று ஏறிய குழாய் தானாக உறிஞ்சிக்கொள்ளுமா? டிரம்மில் இருந்த தண்ணீர் முழுவதும் மேலே ஏறி, நாலு பக்கமும் விளிம்பு வழிந்து, கூடத்தில் இறங்கியது.

மீரா உசேன் மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது ஹமீதா பானு கோணிச் சாக்கைப் போட்டுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால்கள் தண்ணீருக்குள் இருந்தன. அதை எடுக்க அவர் முயலவில்லை. வளைந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசேனு, இங்க வா."

போனான்.

"வர்ற தண்ணிக்கு வழி பண்ணியிருக்கே. போற தண்ணிக்கு?"

 அத்தாவின் குரல் குழறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அன்னைக்குக் கடையில ரப்பர் குழாய் காணாமப் போச்சு. கடையாள் துரைராசுவைப் போட்டு ஏசுனேன். அவன் அல்லா சாட்சியா எடுக்கலன்னான், ராமன் சாட்சியா எடுக்கலன்னான். அடுத்த நாளுதான் பஞ்சாயத்து." இடது கையால் தொட்டிக் குழாயைக் காட்டினார். "இப்படித்தான் வச்சியா அன்னைக்கும்?"

"ஆமாத்தா."

"வாயால உறிஞ்சி?"

"ஆமாத்தா. மீன் குழிக்கு. எடுக்க மறந்துட்டோம்."

ஹமீதா பானு சாக்கோடு அப்படியே நின்றாள். அத்தா இடது கையால் வேட்டி நுனியைப் பிடித்துப் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார். "இருபது வருஷம்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மீனையும் பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். மூன்றாம் நாள் காலை கஞ்சி குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"பஞ்சநதத்துக்கிட்ட நீயே போய்ச் சொல்லு. அவன் இங்க வந்து, ராவுத்தரே நீங்க செய்யலன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நான் கண்ணை மூடுறதுக்குள்ள அது ஒண்ணு போதும் எனக்கு."

மீரா உசேன் சட்டையை மாற்றவில்லை. அப்படியே குழாய்க்கடைக்குப் போனான். கடையில் ஆள் இல்லாத நேரம்.

"அத்தாகிட்ட சொல்லிட்டேன்டா" என்றான். அந்த 'டா' தானாக வந்துவிட்டது.

அமிர்தலிங்கம் எழுந்து நின்றான். "எல்லாத்தையுமா?"

"உன் பேரைச் சொல்லல. ஆனா நீயும் கூட இருந்தேன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இப்ப உங்கப்பாகிட்ட சொல்லணும்."

அமிர்தலிங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டான். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதிர்க்கடையில் டீ சொன்னான். டீ வரும்வரை எல்போ டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தான். பேச நிறைய இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்டா" என்றான் அமிர்தலிங்கம். "குழாயைத் திரும்ப எப்படிக் கடையில கொண்டுபோய் வச்சே?"

"நான் எங்க வச்சேன்? நீதானே எடுத்து ஒளிச்சே."

"நானா? நான் வந்தப்பவே இல்லியே."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமிர்தலிங்கத்தின் முகம் மெல்ல மாறியது. அவர்களுக்கு முன்னால் விடியற்காலையில் அந்த வரப்புக்குப் போகிற ஆள் ஒருவர்தான்.

"அப்பாவை நான் கூட்டிட்டு வர்றேன்" என்றான் கடைசியில். "அதுக்கு முன்னாடி உன் தொட்டியைச் சரி பண்ணுவோம். நீ வச்சிருக்கிறது சின்னப்புள்ள வேலைடா. அன்னைக்குப் பண்ணுன அதே தப்பு."

"கண்ணாடியில ஓட்டை போட பயமா இருக்கு."

"போட்டுப் பாப்போம். உடைஞ்சா உடைஞ்சது."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கு முன்னால் வந்து, "மாமா, அமிர்தலிங்கம்" என்றான். ராவுத்தர் தலையை மட்டும் அசைத்தார். மீன்களை அண்டாவில் விட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். தொட்டியைப் பாயில் பின்பக்கம் மேலே தெரியக் கிடத்தினார்கள். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கக் கண்ணாடியில் களிமண்ணால் ஒரு வட்ட வரப்பு கட்டினார்கள். அதற்குள் மெக்கானிக் ஷெட்டிலிருந்து வாங்கிவந்த, வால்வு தேய்க்கிற மணல் பசையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும். கை டிரில்லில் செம்புக் குழாய்த் துண்டை மாட்டி, அமுக்காமல் அவசரப்படாமல் சுற்ற வேண்டும். ஒருவன் சுற்றினான், ஒருவன் பிடித்துக்கொண்டான். கை வலித்தால் மாற்றிக்கொண்டார்கள். கூடமெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை.

"நிறைய ஊத்தாதே" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "சொட்டுச் சொட்டா விடு. வழுக்குனாப் போதும்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ராவுத்தர் சுவரைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணி நேரத்தில் காசு வட்டத்துக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. உடையவில்லை. சற்றுத் தள்ளி, ஒரு அங்குலம் மேலே இரண்டாவது ஓட்டை. இரண்டிலும் ரப்பர் வாஷர் வைத்து குழாய் மாட்டுகிற டேங்க் நிப்பிளை இறுக்கினார்கள். உள்ளே எல்போவின் வாயை மேல்நோக்கித் திருப்பி வைத்தார்கள். அந்த வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுதான் தொட்டியின் மட்டம். மேலே வந்தால் வழியும், கீழே போகாது. காற்று ஏறினாலும் கவலை இல்லை, உறிஞ்சுகிற வேலையே இல்லை. முதல் குழாயில் இலையோ பாசியோ அடைத்தால் இரண்டாவது குழாய் பார்த்துக்கொள்ளும். மோட்டார்க் குழாயின் முனையைத் தண்ணீருக்கு மேலேயே நிறுத்தினார்கள், கரண்டு போனால் அந்த வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்காமல் இருக்க.

"வயலுக்குச் செய்யுறதை இதுக்குச் செஞ்சா முடிஞ்சுது" என்றான் அமிர்தலிங்கம், கையைத் துடைத்துக்கொண்டே. "இதைக் கத்துக்க ஒன்பது வருஷம் குவைத்துக்குப் போனியா?"

மீரா உசேன் வாய்விட்டுச் சிரித்தான். இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று. இருபது வருஷத்தில் இவனோடு எத்தனை ஆவணி போயிருக்கும், எல்லாம் வீணாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஞ்சநதம் வந்தார். உடம்பு வற்றியிருந்தது, நடை மட்டும் பழைய நடை. கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். அமிர்தலிங்கம் பின்னால் வந்தான், எங்கும் பார்க்காமல். ஹமீதா பானு நாற்காலி போட்டாள். பஞ்சநதம் உட்காரவில்லை.

"உடம்பு எப்படி இருக்கு ராவுத்தரே?"

"பாதி இருக்கு."

மீரா உசேன் முன்னால் வந்தான். "மாமா, அன்னைக்கு நாற்றங்கால்ல தண்ணி விட்டது அத்தா இல்ல. நாங்கதான். மீன் குழிக்குக் குழாய் வச்சு, எடுக்க மறந்துட்டோம். பயத்துல சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க."

பஞ்சநதம் அவனைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கறுத்துச் சுருண்ட ஒரு ரப்பர் குழாய். வெடித்து, விறைத்து, பிரிக்க வராமல் கிடந்தது.

"தெரியும் தம்பி" என்றார்.

 தொட்டியில் தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"விடியக்காலை வரப்புக்குப் போனப்ப இது ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாற்றங்கால்ல கெண்டைக் குஞ்சு நீந்துது. மண்ணெண்ணெய் வாசனை. யாரு செஞ்சதுன்னு கேக்கவா வேணும்? எடுத்து மடியில சுத்திக்கிட்டேன். புள்ளைங்களை ரெண்டு சாத்து சாத்திட்டு விட்டுடலாம்னுதான் வந்தேன். வர்ற வழியில கட்சிக்காரங்க நின்னாங்க. பஞ்சநதம், இது ராவுத்தர் வேலைதான், இதை வச்சே உன் பேரை ஏத்திடலாம்னாங்க. மூணு மாசமா மனு தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன்." அவர் குழாயைக் கட்டிலில், ராவுத்தரின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். "நிலம் இல்லாதவனுக்கு அந்தப் பதிவு என்னன்னு உங்களுக்குத் தெரியாது ராவுத்தரே. அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்ல வரல. சத்தியம் பண்றேன்னு நீங்க நின்னப்ப, பண்ண விட்டிருந்தா நான் தோத்திருப்பேன். நீங்க பொய்ச் சத்தியம் பண்ணமாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அதான் வேணாம்னேன்."

ராவுத்தர் குழாயை எடுத்தார். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, அதைத் துடைக்கவில்லை. ஆனால் வாயின் இடது ஓரம் மேலே போயிற்று. முதலில் அது அழுகை என்று மீரா உசேன் நினைத்தான். பிறகுதான் தெரிந்தது, அத்தா சிரிக்கிறார்.

"அப்ப, இத்தனை பேர்ல, இருபது வருஷமா உண்மையச் சொல்லிக்கிட்டு இருந்தவன் நான் ஒருத்தன்தான்" என்றார்.

"ஆமாங்க" என்றார் பஞ்சநதம். "நீங்க செய்யல ராவுத்தரே." அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மின்விசிறி நின்றது. மோட்டார் நின்றது. கரண்டு போகிற நேரம். எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். தண்ணீர் ஒரு நூல் அளவு இறங்கி, குழாயின் வாயோடு நின்றது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. மீன்கள் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தன.

"கரண்டு வந்தா வழியாதா?" என்று கேட்டார் பஞ்சநதம்.

"இருந்து பாத்துட்டுப் போ" என்றார் ராவுத்தர். "ஒரு மணி நேரம் ஆகும். பழைய பேச்சுப் பேசுவோம்."

ஹமீதா பானு டீ போட உள்ளே போனாள். பஞ்சநதம் அந்த வருஷத்து விளைச்சலைப் பற்றி ஆரம்பித்தார். மீரா உசேனும் அமிர்தலிங்கமும் தொட்டிக்கு அருகில் தரையில் உட்கார்ந்து, கரண்டு வருவதற்காகக் காத்திருந்தார்கள்.